‘மேலோட்டம்’ என்ற சொல்லை நம்பாதீர்கள்: உடற்கூற்றுப் பெயர்களைத் தரப்படுத்தும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மருத்துவ அறிக்கைகளில் ஒரே உறுப்புக்கு ஆளுக்கொரு பெயர் எழுதுவார்கள். அவற்றையெல்லாம் ஒரே தரப் பட்டியலுக்குள் கொண்டுவருவது எங்கள் வேலை. புதிதாக வருபவர்களின் பட்டியல்களை இப்போது நான் சரிபார்க்கிறேன். போன வாரம் ஒன்றைத் திறந்தால், பல வருடங்களுக்கு முன் நான் செய்த அதே தவறு கண்ணில் பட்டது. அதனால்தான் இதை எழுதுகிறேன். இடது, வலது என்றால் நோயாளியின் இடது, வலது என்பதையெல்லாம் முதல் நாளே சொல்லிவிடுவார்கள். அவற்றை விட்டுவிடுகிறேன்.

## பெயரைப் பார்த்து வகை பிரிப்பது

முழங்காலுக்குப் பின்னாலிருந்து மேலே ஏறும் பெரிய சிரை, தொடைக்குள் நுழைந்ததும் ஃபெமோரல் சிரை ஆகிறது. இடுப்பு மடிப்புக்குச் சற்றுக் கீழே, தொடையின் ஆழத்திலிருந்து வரும் இன்னொரு சிரை அதனுடன் சேர்கிறது. அந்தக் கிளைக்கு ‘ஆழ் ஃபெமோரல்’ என்று பெயர். அதனால் சேரும் இடத்துக்குக் கீழே உள்ள முதன்மைச் சிரையை ‘சூப்பர்ஃபிஷியல் ஃபெமோரல்’, அதாவது மேலோட்டமானது என்று சொல்லிப் பழகிவிட்டார்கள். உண்மையில் அது ஆழ்சிரை. தசைகளுக்கு நடுவே, தமனியை ஒட்டியே ஓடுகிறது.

அங்கே இரத்தம் உறைந்தால் அது ஆழ்சிரை உறைவு. உறைவைத் தடுக்கும் மருந்தை வழக்கமாக உடனே தொடங்க வேண்டிய நிலை. அறிக்கையைப் படிப்பவர் ‘மேலோட்டம்’ என்ற சொல்லைப் பார்த்து, தோலடிச் சிரையில்தானே என்று நினைத்துவிட்டால் அந்த மருந்து தரப்படாமல் போகலாம். உறைவு பிய்த்துக்கொண்டு இதயம் வழியாக நுரையீரலுக்குப் போய் அடைத்தால் உயிரே போகும்.

என் கதைக்கு வருகிறேன். ஓர் ஆய்வுக்காகக் கால் சிரை ஸ்கேன் அறிக்கைகளைப் பிரித்துக்கொண்டிருந்தேன். பெயரில் ‘சூப்பர்ஃபிஷியல்’ வந்த எல்லாவற்றையும் மேலோட்டச் சிரைப் பிரிவில் போட்டுவிட்டேன். சந்தேகமே வரவில்லை, பெயரே சொல்கிறதே! கணக்கு முடிந்த பிறகு மூத்த மருத்துவர் ஒருவர் அட்டவணையைப் பார்த்து, “மேலோட்டப் பிரிவில் இத்தனை பேருக்கு நுரையீரல் அடைப்பு எப்படி வந்தது?” என்று கேட்டார். அந்தக் கேள்வி வராமல் இருந்திருந்தால் அந்த அட்டவணை அப்படியே வெளியாகியிருக்கும். அறிக்கைகளை ஒன்றுவிடாமல் திரும்பப் படித்துத்தான் சரிசெய்தோம்.

இன்றும் எனக்குக் கோபம் வருவது இதில்தான். இந்தப் பெயர் ஆபத்தானது என்று 1995-லேயே மருத்துவ இதழில் எச்சரித்துவிட்டார்கள். 2001-ல் ரோமில் கூடிய பன்னாட்டு வல்லுநர்கள் கால் சிரைகளின் பெயர்களை ஒழுங்குசெய்தார்கள். அந்த அறிக்கை 2002-ல் வெளிவந்தது. அதன்படி வெறும் ‘ஃபெமோரல் சிரை’ போதும். ஆனால் இன்னமும் அந்தப் பழைய பெயரில் அறிக்கைகள் வருகின்றன. கேட்டால், “எங்களுக்குப் புரியும்” என்கிறார்கள். எழுதுபவருக்குப் புரியும், சரி. நள்ளிரவில் அதைப் படித்து முடிவெடுக்கப்போகும் வேறு துறை மருத்துவருக்கு?

ஒன்றைக் கவனியுங்கள்: தமனியில் இதே முறையை அப்படியே போடக்கூடாது. ‘சூப்பர்ஃபிஷியல் ஃபெமோரல் தமனி’ என்று இரத்தக்குழாய் அறுவை மருத்துவர்கள் எழுதினால், ஆழ்கிளை பிரிந்த பிறகு வரும் பகுதியைக் குறிக்கிறார்கள். அதை வெறும் ‘ஃபெமோரல் தமனி’ என்று மாற்றினால் எந்தப் பகுதி என்ற தகவல் போய்விடும். தனி வரியாக வைத்து, எங்கிருந்து எதுவரை என்று எழுதுங்கள்.

## பழைய பெயரை அழித்துவிடுவது

மணிக்கட்டில் உள்ள ஸ்கேஃபாய்டு எலும்பை முன்பு நாவிகுலார் என்றும் எழுதினார்கள். பாதத்தில் இன்னொரு நாவிகுலார் இருக்கிறது. பழைய கட்டுரைகளைத் தேடுபவருக்கு இரண்டு வழியும் வேண்டும். பழைய பெயரை நீக்காமல், இணைச்சொல்லாக வைத்து, எந்த எலும்பு என்று காட்டுங்கள்.

## ஆள் பெயர்கள்

‘மெக்கெல்’ என்ற உடற்கூற்றியலாளர் பெயர் வந்தால் அது எதைக் குறிக்கிறது? மண்டையோட்டுக்குள் முக்கிளை நரம்பின் முடிச்சைச் சுற்றியுள்ள குழி தாத்தா மெக்கெலின் பெயரில் இருக்கிறது. சிறுகுடலில் வரும் பை பேரன் மெக்கெலின் பெயரில். அதிகாரபூர்வப் பட்டியல்கள் 1895-ல் பாசலில் தொடங்கின. 1955-ல் பாரிஸில் ஏற்ற பட்டியல் ஆள் பெயர்களை ஒதுக்கிவிட்டது.

## ஓர் எழுத்து

பெரோனியல் நரம்பு ஃபிபுலா எலும்பின் கழுத்தைச் சுற்றிக் காலுக்குப் போகிறது. பெரினியல் நரம்பு இருப்பது கவட்டுப் பகுதியில். தானியங்கி எழுத்துத் திருத்தம் ஒன்றை இன்னொன்றாக்கிவிடும். ‘ஃபிபுலார்’ என்ற பெயரை எடுத்துக்கொண்டால் குழப்பமே இல்லை.

## எல்.எஸ்.வி.

இந்தச் சுருக்கத்தைச் சிலர் காலின் தோலடியில் ஓடும் நீளமான சஃபீனஸ் சிரைக்கு (long saphenous vein) எழுதுகிறார்கள், சிலர் சிறிய சஃபீனஸ் சிரைக்கு (lesser saphenous vein). சுருக்காமல் எழுதுங்கள்.

## விரலுக்கு எண்

வேண்டாம். மூன்றாவது விரல் என்றால் கட்டைவிரலையும் சேர்த்தா, சேர்க்காமலா? நடுவிரல் என்றே எழுதுங்கள்.

## எலியும் மனிதனும்

நிற்கும் மனித உடலில் ‘முன்’ என்றால் வயிற்றுப் பக்கம். நான்கு காலில் நடக்கும் எலியில் அதே சொல் தலைப் பக்கத்தைக் குறிக்கும். இரண்டு தரவுகளையும் சேர்க்கும்போது தலைப்பக்கம், வால்பக்கம், முதுகுப்பக்கம், வயிற்றுப்பக்கம் என்று மாற்றிக்கொண்டு அப்புறம் சேர்த்துக்கொள்ளுங்கள்.

## தமிழில் எழுதும்போது

‘கால் வலி’ என்று நோயாளி சொன்னால் அது தொடையா, கெண்டைக்காலா, பாதமா? உடற்கூற்றியலின் ஆங்கிலத்தில் ‘லெக்’ முழங்காலுக்கும் கணுக்காலுக்கும் இடையே மட்டும். கேள்வித்தாளை மொழிபெயர்க்கும்போது அதற்குக் ‘கால்’ என்று போட்டால் கேள்வியே மாறிவிடுகிறது. ‘நாளம்’ என்பதும் அப்படித்தான்: சிலர் சிரைக்கு மட்டும், சிலர் எந்த இரத்தக் குழாய்க்கும் எழுதுகிறார்கள்.

## பதிப்பைக் குறிக்காமல் விடுவது

உடற்கூற்றுப் பெயர்களின் பன்னாட்டுத் தரப் பட்டியலான டெர்மினோலோஜியா அனட்டாமிகா 1998-ல் வந்தது, இரண்டாம் பதிப்பு 2019-ல். எதைப் பின்பற்றினீர்கள் என்று முதல் வரியிலேயே எழுதிவிடுங்கள்.