பையனோட உக்காந்து படம் பாக்கறது எப்படிங்க

வீட்ல வயசுக்கு வர்ற பையன் இருந்தா, ஆம்பளைன்னா எப்படி இருக்கோணும்னு பாடம் எடுக்காதீங்க, காதுலயே வாங்க மாட்டான், அதுக்குப் பதிலா ஞாயித்துக்கெழம சாயங்காலம் கூட உக்காந்து ஒரு படம் பாருங்க.

எந்தப் படம் பாக்கலாம்னு தேர்ந்தெடுக்கறப்ப சண்டை எத்தனைன்னு பாக்க வேண்டாம், ஹீரோகிட்ட ஒருத்தி முடியாதுன்னு சொன்னா என்ன பண்றான்னு பாருங்க. மௌன ராகம் (1986) போடுங்க, மோகன் என்ன பரிசு வேணும்னு கேக்க, பொண்டாட்டி விவாகரத்து கேக்குது, மனுசன் கை ஓங்கறதில்லீங்க. அந்த எடத்துல நிறுத்தி “நீயா இருந்தா என்ன பண்ணுவே கண்ணு”ன்னு கேளுங்க, பதில் வரலைன்னா நோண்டாதீங்க, ராத்திரிக்கு அவனே வருவான்.

கொஞ்சம் பெரிய பையன்னா பேரன்பு. மூளை முடக்குவாதம் இருக்கற மகள மம்முட்டி தனியா வளக்கறாரு, தெரியாத ஒவ்வொண்ணையும் பொறுமையா கத்துக்கறாரு, தமிழ் சினிமால வந்த அப்பாக்கள்ல எனக்கு இவருதான் உசத்தி. கனமான படம், நீங்க முதல்ல பாத்துட்டு அப்பறமா காட்டுங்க.

மெய்யழகன்ல (2024) அரவிந்த்சாமி அழுவறப்ப உங்களுக்கும் கண்ணு கலங்குச்சுன்னா மூஞ்சியத் திருப்பாதீங்க, ஆம்பளப்பையன் அழுவலாமான்னு அப்புச்சி காலத்துல இருந்து கேட்டு வளந்தவங்க நாம, பையன் பாக்கட்டும்.

படம் முடிஞ்சதும் காப்பி டம்ளரெல்லாம் அம்மாவுக்குன்னு விட்டுட்டுப் போகாம நீங்களே எடுத்துக் கழுவுங்க, தொடைச்சு வெக்க அவனயும் கூப்புடுங்க.