பிரிட்டிஷ் பிரபு ஒருவரின் வாழ்க்கையை ஆவணங்களில் தேடுவது எப்படி?

சென்னை ராஜதானியை ஆண்ட கவர்னர்களில் சிலர், பிரிட்டனில் நிலமுள்ள குடும்பத்தில் பிறந்து, பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தின் கீழவையான காமன்ஸ் சபையில் உறுப்பினராக இருந்து, பிறகு பிரபுப் பட்டம் பெற்றவர்கள். நம்மவர்கள் எழுதும்போது அவர்களுடைய சென்னை ஆண்டுகளை மட்டும் எடுத்துக்கொண்டு, அதற்கு முந்தைய வாழ்க்கையை விட்டுவிடுகிறார்கள். நிலமும் கட்சியும் தெரியாமல் அந்த மனிதரின் முடிவுகள் புரியாது. 1919 முதல் 1924 வரை சென்னையில் கவர்னராக இருந்த வில்லிங்டனை எடுத்துக்கொண்டு வழியைச் சொல்கிறோம்.

எதையும் தேடுவதற்கு முன் பெயர் அட்டவணை போடுங்கள். 1866இல் பிறந்தபோது அவர் ஃப்ரீமன் தாமஸ். 1892இல் குடும்பப் பெயரே ஃப்ரீமன்-தாமஸ் ஆனது. பிறகு வந்தவை ஒன்றைவிட ஒன்று உயர்ந்த பிரபுப் பட்டங்கள்: 1910இல் பாரன் வில்லிங்டன், 1924இல் வைகவுன்ட், 1931இல் ஏர்ல், 1936இல் மார்க்வெஸ். சென்னையில் இருந்த காலம் முழுவதும் அவர் பாரன்தான்; ‘மார்க்வெஸ் வில்லிங்டன் சென்னைக்கு வந்தார்’ என்று எழுதுவது பிழை. ‘லார்டு ஃப்ரீமன்’ என்பதும் பிழை, ஏனெனில் முதற்பெயரோடு லார்டு சேர்வது டியூக், மார்க்வெஸ் ஆகியோரின் இளைய மகன்களுக்கே. தந்தை ஏர்ல் ஆனபின் மகன் இனிகோவை வைகவுன்ட் ரேட்டன்டோன் என்றார்கள். அது மரியாதைப் பட்டம் மட்டுமே; அதை வைத்துக்கொண்டு பிரபுக்களின் மேலவையான லார்ட்ஸ் சபையில் உட்கார முடியாது.

பட்டத்துக்குப் பல தேதிகள் கிடைக்கும்: கௌரவப் பட்டியல் வெளியான நாள், அரச முத்திரைப் பத்திரத்தின் நாள், லண்டன் கெஜட் என்ற அரசிதழில் அச்சான நாள், லார்ட்ஸ் சபையில் உறுதிமொழி எடுத்த நாள். பட்டம் பிறப்பது பத்திரத்தின் நாளில்தான். அதையே எழுதுங்கள். பத்திரத்தில் ஊர்ப்பெயரும் இருக்கும். இவருக்கு சஸ்ஸெக்ஸ் மாவட்டத்து ராட்டன், ஈஸ்ட்போர்ன் அருகிலுள்ள குடும்ப எஸ்டேட். நிலத்தைத் தேட அதுவே முதல் துப்பு.

நிலத்துக்கு அதிக நேரம் ஒதுக்குங்கள். 1873ஆம் ஆண்டு நில உரிமையாளர் கணக்கில், ஒரு ஏக்கரும் அதற்கு மேலும் வைத்திருந்தவர்களின் பெயர், முகவரி, பரப்பு, உத்தேச வாடகை மதிப்பு எல்லாம் உண்டு. லண்டன் மட்டும் அதில் இல்லை. பரப்பு ஏக்கர், ரூட், பெர்ச் என்று இருக்கும்: 4 ரூட் ஒரு ஏக்கர், 40 பெர்ச் ஒரு ரூட். கணக்கு மாவட்டவாரியானது, மூன்று மாவட்டங்களில் நிலம் இருந்தால் மூன்று இடங்களில் எடுத்துக் கூட்ட வேண்டும். 1873இல் வில்லிங்டன் சிறுவன், பட்டமும் கிடையாது. ஆகவே தாமஸ் என்ற குடும்பப் பெயரில் சஸ்ஸெக்ஸ் பக்கங்களைப் பாருங்கள். அங்குள்ள வாடகை மதிப்பை வருமானம் என்று எழுதிவிடாதீர்கள். அடமான வட்டி, விதவைக்கான ஜீவனாம்சம், உடன்பிறந்தோர் பங்கு எதுவும் அதில் கழிக்கப்படவில்லை.

அடுத்து, 1910ஆம் ஆண்டு நிதிச் சட்டத்தின் கீழ் நடந்த நில மதிப்பீடு. அதன் களப் புத்தகங்கள் லண்டனின் கியூ பகுதியிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் ஐஆர் 58 என்ற தொகுதியில் உள்ளன. நேராகப் புத்தகத்தைக் கேட்டால் வீண் அலைச்சல். முதலில் அந்த மதிப்பீட்டுக்கான வரைபடத்தில் சொத்தின் எண்ணைக் கண்டுபிடித்து, அதைக் கொண்டு புத்தகத்தைக் கேளுங்கள். கிழக்கு சஸ்ஸெக்ஸ் எஸ்டேட் பத்திரங்களுக்கு பிரைட்டன் அருகிலுள்ள ‘த கீப்’ காப்பகத்தைப் பாருங்கள்.

காமன்ஸ் சபையில் இவர் லிபரல் கட்சிக்காரர்: 1900 முதல் 1906 வரை ஹேஸ்டிங்ஸ் தொகுதி, பிறகு 1910 வரை பாட்மின் தொகுதி. நாடாளுமன்றப் பேச்சுகளின் பதிவான ஹான்சார்டில் ஃப்ரீமன்-தாமஸ் என்றே தேடுங்கள். 1909க்கு முந்தைய ஹான்சார்டு பேச்சுகளைச் சுருக்கித் தந்ததால், அதிலிருந்து சொல்லுக்குச் சொல் மேற்கோள் காட்டக் கூடாது. இவர் வகித்த கருவூல இளநிலைப் பிரபு என்ற பதவி நடைமுறையில் கட்சிக் கொறடா வேலை. கொறடா அதிகம் பேசமாட்டார். அவர் எந்தப் பக்கம் நின்றார் என்பதை, சபையில் யார் எப்படி வாக்களித்தார் என்ற பட்டியல்தான் காட்டும்.

சென்னைக் காலத்துக்கு எழும்பூர் ஆவணக் காப்பகம். ஜி.ஓ. (அரசாணை) எண், தேதி, துறை மூன்றும் குறித்துக்கொண்டு போங்கள். 1920 டிசம்பரில் ஏ. சுப்பராயலு ரெட்டியார் தலைமையில் நீதிக்கட்சி அமைச்சரவை பதவியேற்றதும் இரட்டையாட்சி நடைமுறைக்கு வந்தது. கல்வி, உள்ளாட்சி போன்ற துறைகள் அமைச்சர்கள் கைக்குப் போயின; போலீசும் நிலவரியும் கவர்னரின் நிர்வாகக் குழுவிடம் நின்றன. எந்த உத்தரவு எந்தப் பக்கத்தது என்று பிரிக்காமல் எல்லாவற்றையும் வில்லிங்டன் கணக்கில் எழுதுவது வரலாறு ஆகாது.

கடைசியாக உயில். 1858 முதல் இங்கிலாந்தின் உயில் சான்றுகளுக்கு (உயிலை ஏற்று நீதிமன்றம் தருபவை) ஆண்டுவாரிப் பட்டியல் இருக்கிறது. இவர் 1941இல் இறந்தார். அந்தப் பட்டியலில் காணும் சொத்து மதிப்புத் தொகையில், 1898க்கு முன் நிலம் சேராது. அதன்பின் 1926 வரை, குடும்பத்தின் அடுத்தடுத்த தலைமுறைகளுக்கென்று பத்திரம் எழுதிக் கட்டிப்போட்ட நிலம் சேராது. 1926க்குப் பிறகு அத்தகைய நிலத்துக்குத் தனிச் சான்று வழங்கியிருக்கலாம், ஆகவே ஒரு பதிவோடு நிறுத்தாமல் அதே பெயரில் இரண்டாவது பதிவு உண்டா என்றும் பாருங்கள்.