கறுப்புப் பட்டையை நம்பாதீர்கள்: பழைய ஆங்கிலேயச் சத்திரத்தைப் பார்ப்பது எப்படி?

மலேசியாவின் கேமரன் மலையில் தானா ராத்தாவிலிருந்து பிரிஞ்சாங் போகிறவர்கள் கோல்ஃப் திடல் பக்கம் ஸ்மோக்ஹவுஸ் ஹோட்டலைப் பார்க்காமல் போக முடியாது. வெள்ளைச் சுவர், அதில் கறுப்பு மரக்கட்டைப் பட்டை, புகைபோக்கி என்று 1930களில் வெள்ளைக்காரர்கள் ஊர் நினைப்பில் கட்டியது. அப்புறம் வந்த ஹோட்டல், அபார்ட்மென்ட் எல்லாம் அதே பட்டையைச் சுவரில் ஒட்டிக்கொண்டன. அதனால் பிள்ளையைப் பார்க்க லண்டன் போகும் நம் ஆட்கள் அசல் சத்திரத்தைப் பார்த்தாலும் "இதுதான் பிரிஞ்சாங்கிலேயே இருக்கே" என்று நகர்ந்துவிடுகிறார்கள்.

முதலில் பட்டையை விடுங்கள், மரமும் மரமும் சேரும் இடத்தைப் பாருங்கள். அசலில் மரச்சட்டம்தான் வீட்டையே தாங்குகிறது. ஓக் மரத்தை ஈரம் காயுமுன்பே அறுத்து, ஒன்றின் முனையை நாக்குப் போலச் செதுக்கி, இன்னொன்றின் துளையில் சொருகி, குறுக்கே மர ஆணி அடித்துவிடுவார்கள்; காயக் காய மரம் சுருங்கி வளைவதால் பழைய சத்திரத்தில் எதுவும் நேர்க்கோட்டில் நிற்காது. தச்சர்கள் சட்டத்தைப் பட்டறையிலேயே ஒருமுறை கோத்துப் பார்த்து, கழற்றிக் கொண்டுவந்து நிறுத்துவார்கள். எந்தக் கட்டை எங்கே என்று தெரிய, ரோமானிய எண் போன்ற கீறல்களைப் போட்டிருப்பார்கள், தேடினால் இன்றும் கண்ணில் படும். போலியில் மர ஆணியும் இருக்காது, கீறலும் இருக்காது, செங்கல்மேல் ஒரே அளவுப் பலகைதான்.

சட்டத்துக்கு நடுவே பின்னிய குச்சித் தட்டி, அதன்மேல் களிமண், வைக்கோல், சாணம். சாணி மெழுகிய வீட்டில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

நிறத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். ஓக் தானாகவே சாம்பல் நிறமாகிவிடும். மை பூசியது போன்ற அந்தக் கறுப்பு பெரும்பாலும் 19ஆம் நூற்றாண்டு மோகம், அசல் கட்டடங்களுக்கே அதைப் பூசிவிட்டார்கள்.

மாடி தெருப் பக்கம் துருத்திக்கொண்டிருந்தால் அடியில் போய் அண்ணாந்து பாருங்கள், உத்தரக் கட்டைகளின் முனைகள் வரிசையாகத் தெரிய வேண்டும். அடுத்தடுத்த இரண்டு பக்கமும் துருத்தினால் மூலையில் ஒரு கட்டை சாய்வாக ஓடும். வெறும் கான்கிரீட் என்றால், சரி, போட்டோ எடுத்துக்கொண்டு கிளம்பலாம்.

என்னைக் கேட்டால், முகப்பைவிட முற்றம்தான் முக்கியம். குதிரை வண்டி நுழைய உயரமான வாசல், உள்ளே முற்றம், பின்னால் லாயம், சுற்றி மாடித் தாழ்வாரம், அதில் வரிசையாக அறைக் கதவுகள். இங்கிலாந்தின் குளோஸ்டர் நகரில் 1450 வாக்கில் மடத்துக்காரர்கள் கட்டிய நியூ இன் சத்திரத்தில் இதைத் தெளிவாகப் பார்க்கலாம். காரில் வருகிறவர்களுக்காகக் கட்டிய ஸ்மோக்ஹவுஸுக்கு அந்த வாசலும் லாயமும் எதற்கு?

லண்டனில் நேரம் குறைவென்றால் சதக் பகுதியில் இருக்கும் ஜார்ஜ் இன் சத்திரம் போதும், லண்டன் பிரிட்ஜ் ஸ்டேஷனிலிருந்து நடக்கும் தூரம்தான். 1676 தீயில் எரிந்து மறு ஆண்டே எழுந்தது. 1889இல் ரயில் கம்பெனி இடித்தது போக ஒரு பக்கம்தான் மிச்சம். பரோ ஹை ஸ்ட்ரீட்டிலிருந்து நுழைந்ததும் வலப்புறம் பாருங்கள், மரத் தாழ்வாரம் இரண்டு அடுக்காக நிற்கும். கறுப்புப் பட்டையை மட்டும் அங்கே தேடாதீர்கள், கிடைக்காது.