பணி மாறும் வேளையில் நோயாளியை ஒப்படைப்பது எப்படி

பணி நேரம் முடிந்து அடுத்த செவிலியரிடம் நோயாளிகளை ஒப்படைக்கும்போது, கேஸ் ஷீட்டில் ஏற்கெனவே எழுதியிருப்பதை வாசித்துக் காட்டுவதே பல வார்டுகளில் வழக்கமாக இருக்கிறது. வயது, நோய், சேர்ந்த தேதி ஆகியவற்றை வருபவர் தாமே படித்துக்கொள்ள முடியும். கடந்த சில மணி நேரத்தில் என்ன மாறியது, எந்த வேலை பாதியில் நிற்கிறது, இரவில் எது மோசமாகலாம், மோசமானால் முதலில் என்ன செய்ய வேண்டும் என்பவற்றைத்தான் அவர் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை வட்டாரங்களில் புதிதாகப் பணியில் சேர்ந்திருக்கும் செவிலியர்களை மனத்தில் வைத்து இக்குறிப்பை எழுதுகிறேன்.

நர்சிங் வகுப்பில் எஸ்.பி.ஏ.ஆர். என்னும் முறையைப் படித்திருப்பீர்கள். அமெரிக்கக் கடற்படையின் அணுசக்தி நீர்மூழ்கிக் கப்பல்களில் தொடங்கி மருத்துவமனைகளுக்கு வந்த இம்முறை நிலைமை, பின்னணி, மதிப்பீடு, பரிந்துரை என்னும் வரிசையில் பேசச் சொல்கிறது. நம் வார்டுகளில் முதல் இரண்டும் தாராளமாகச் சொல்லப்படுகின்றன. பின்னிரண்டும், டாக்டர் சொல்ல வேண்டியவை என்ற எண்ணத்தால், பெரும்பாலும் விடுபட்டுப் போகின்றன. ஆனால் ஆறு மணி நேரம் அருகிலிருந்து பார்த்தவரின் மதிப்பீடு, சுற்றுக்கு வந்து போகும் டாக்டரின் மதிப்பீட்டுக்கு எவ்வகையிலும் குறைந்ததல்ல.

டெல்டாவில் அடிக்கடி வரும் பூச்சிமருந்து கேஸையே எடுத்துக்கொள்வோம். ஆர்கனோபாஸ்பரஸ் வகைப் பூச்சிமருந்தைக் குடித்து, அதற்கு முறிமருந்தான அட்ரோபின் ஓடிக்கொண்டிருக்கும் ஒருவரை, "பாய்சன் கேஸ், அட்ரோபின் போகிறது, பரவாயில்லை" என்று ஒப்படைத்தால் வருபவருக்கு எதுவும் கிடைக்கவில்லை என்றே பொருள். நெஞ்சில் சளிச் சத்தம் குறைந்திருக்கிறதா, அக்குள் உலர்ந்திருக்கிறதா, நாடித் துடிப்பு, இரத்த அழுத்தம், கண்மணியின் அளவு ஆகியவை கடைசியாக எத்தனை மணிக்கு எப்படி இருந்தன, அட்ரோபின் வேகம் எப்போது கூட்டப்பட்டது அல்லது குறைக்கப்பட்டது என்று சொல்ல வேண்டும். பிதற்றல், காய்ச்சல், வயிறு உப்புதல், சிறுநீர் அடைப்பு ஆகியவை தெரிந்தால் அட்ரோபின் மிகுந்துவிட்டதோ என்று ஐயப்பட வேண்டும் என்பதையும் நினைவூட்டுவது நல்லது. குடித்து ஒரு நாள் முதல் நான்கு நாள்களுக்குள், தெளிவாகப் பேசிக்கொண்டிருந்தவருக்கே கழுத்துத் தசை தளர்ந்து, பின்னர் மூச்சுத் தசைகளும் தளரக்கூடும். ஆகவே, "தலையணையிலிருந்து தலையைத் தூக்கச் சொன்னேன், தூக்கினார், நீங்களும் மணிக்கொரு முறை தூக்கச் சொல்லிப் பாருங்கள், முடியாவிட்டால் உடனே டாக்டரைக் கூப்பிடுங்கள்" என்ற ஒரு வாக்கியம், இரண்டு பக்க வரலாற்றைவிட அந்த இரவுக்குப் பயன்படும்.

கண்ணாடி விரியன் கடித்தவருக்கு அடுத்த இருபது நிமிட உறைதல் சோதனை எத்தனை மணிக்கு, கடைசிச் சோதனையில் இரத்தம் உறைந்ததா, அதன் பின் எவ்வளவு சிறுநீர் போயிருக்கிறது என்பவை போதும். பிரசவ வார்டில் வலிப்புக்காக மெக்னீசியம் சல்பேட்டை நான்கு மணிக்கொரு முறை தசையில் போட்டுவரும் தாய் என்றால், அடுத்த ஊசியின் நேரத்தோடு, கடைசியாக எந்தப் பக்கப் புட்டத்தில் போடப்பட்டது என்பதையும் சொல்ல வேண்டும். முழங்கால் அனிச்சை (தட்டினால் கால் தானே உதறுவது) இருக்க வேண்டும், மூச்சு நிமிடத்துக்குப் பதினாறுக்குக் குறையக் கூடாது, சிறுநீர் மணிக்கு 30 மில்லிக்குக் குறையக் கூடாது. இம்மூன்றில் ஒன்று தவறினாலும் அடுத்த ஊசியைப் போடாமல் டாக்டரிடம் தெரிவிக்க வேண்டும். மெக்னீசியம் மிகுந்துவிட்டால் போடும் முறிமருந்தான கால்சியம் குளுகோனேட் எங்கே இருக்கிறது என்பதை வாயால் சொல்லாமல் கையால் எடுத்துக் காட்டுங்கள்.

இவற்றையெல்லாம் நர்ஸ் மேசையில் உட்கார்ந்து பேசி முடித்துவிடலாகாது. இருவரும் படுக்கையருகே சென்று, பெயரையும் உள்நோயாளி எண்ணையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். "நீங்கள்தானே செல்வி?" என்று கேட்டால் அரைமயக்கத்தில் இருப்பவர் எதற்கும் தலையாட்டுவார், "உங்கள் பெயர் என்னம்மா, வீட்டுக்காரர் பெயர் என்ன?" என்று அவர் வாயாலேயே சொல்ல வைக்க வேண்டும். ட்ரிப் பாட்டிலில் மீதி எவ்வளவு, அதில் பொட்டாசியம் கலந்திருந்தால் லேபிள் ஒட்டப்பட்டிருக்கிறதா, கேனுலா போட்ட இடம் வீங்கியிருக்கிறதா, யூரின் பேக் எப்போது காலி செய்யப்பட்டது என்பவற்றை வருபவர் தம் கண்ணால் பார்க்கட்டும்.

ஆனால் எல்லாவற்றையும் படுக்கையருகே பேசிவிடவும் கூடாது. பொது வார்டில் பக்கத்துக் கட்டிலில் இருப்பவர் அதே ஊர்க்காரராக, சில சமயம் உறவினராகவே இருப்பார். பூச்சிமருந்தை ஏன் குடித்தார், எச்.ஐ.வி. சோதனை முடிவு என்ன, திருமணமாகாத பெண் எதற்காகச் சேர்க்கப்பட்டிருக்கிறார் போன்ற செய்திகள் இங்கே கசிந்தால், நோயாளி வீடு போய்ச் சேருவதற்குள் ஊர் முழுவதும் தெரிந்துவிடும். அவற்றைத் தனியறையில் தாழ்ந்த குரலில் சொல்லுங்கள். தற்கொலைக்கு முயன்றவரைக் கண்காணிக்க வேண்டியிருப்பதைச் சொல்லாமல் விட்டுவிடாதீர்கள்.

கூட இருப்பவர் யார் என்பதும் ஒப்படைப்பில் சேரும். பகலில் நான்கு பேர் சூழ்ந்திருந்த கட்டிலில், கடைசிப் பேருந்துக்குப் பிறகு காது கேளாத ஒரு பாட்டி மட்டும் இருக்கலாம். ஸ்கேனுக்கு அழைத்துச் செல்லவும் ஒப்புதல் கையெழுத்துக்கும் யாரை அழைப்பது என்று முன்பே கேட்டு வையுங்கள். ஆக்சிஜன் அளவு, எமர்ஜென்சி ட்ரே, பூட்டி வைக்கும் மருந்துகளின் எண்ணிக்கை ஆகியவற்றை இருவரும் சேர்ந்து சரிபார்த்தால் போதும்.

மூத்த சிஸ்டரிடம் திரும்பக் கேட்பது மரியாதைக் குறைவு என்று இளையவர்கள் தயங்குவதுண்டு. அந்தத் தயக்கத்தைப் போக்க வேண்டியவர் ஒப்படைப்பவர்தான். "புரிந்ததா?" என்று கேட்டால் "சரிங்க சிஸ்டர்" என்ற பதில்தான் வரும், "எட்டு மணிக்கு இவருக்கு என்ன பார்க்கப் போகிறாய்?" என்று கேட்டால் விடுபட்டது வெளிப்பட்டுவிடும்.

ரிப்போர்ட் புத்தகத்தில் கையெழுத்து, படுக்கைச் சுற்று முடிந்த பிறகே போடப்பட வேண்டும். அதுவரை வார்டு, பணி முடிந்து செல்பவரின் பொறுப்பு. நடுவில் புதிய நோயாளி ஸ்ட்ரெச்சரில் வந்துவிட்டால், அவரைச் செல்பவர் ஏற்று முதலுதவி முடிக்க, வருபவர் ஏற்கெனவே பார்த்து முடித்த படுக்கைகளைக் கவனிக்க வேண்டும். மீதிச் சுற்றை விட்ட படுக்கையிலிருந்து தொடருங்கள்.