எலி செத்தால் தெள்ளுப்பூச்சி எங்கே போகும்?

வீட்டில் எலித் தொல்லை என்றதும் மருந்து வைத்துக் கொன்றுவிட்டு, வேலை முடிந்தது என்று இருந்துவிடுகிறோம். பெரிய தவறு இது. எலி செத்து உடம்பு குளிர்ந்ததும் அதன் ரோமத்தில் இருந்த தெள்ளுப்பூச்சிகள் இறங்கி அடுத்த சூடான உடம்பைத் தேடும், அது பூனையாக இருக்கலாம், தரையில் படுத்திருக்கும் குழந்தையாகவும் இருக்கலாம். பிளேக் மனிதர்களுக்குப் பரவியது முக்கியமாக இந்த வழியில்தான். எலிக்கு எலி அந்தக் கிருமியைக் கொண்டுபோவது தெள்ளுதான் என்று 1898இல் கராச்சியில் சோதனை செய்து காட்டியவர் பால்-லூயி சிமோன் என்ற பிரெஞ்சு மருத்துவர். அதனால் பூச்சி மருந்து அடித்த பிறகு, அல்லது கூடவே, எலியை ஒழியுங்கள். செத்த எலியை வெறும் கையால் வாலைப் பிடித்துத் தூக்காதீர்கள்.

பிளேக் இப்போது அரிது, சரி. ஆனால் எலித் தெள்ளு கொண்டுவரும் டைபஸ் காய்ச்சல் இன்றும் இருக்கிறது. இதில் பலர் கவனிக்காதது என்னவென்றால், கிருமி பெரும்பாலும் கடியோடு வருவதில்லை, பூச்சியின் எச்சத்தில் இருக்கிறது, அரிக்கிறதே என்று நாம் சொறியும்போது அந்த எச்சத்தை நாமே தோலுக்குள் தேய்த்துவிடுகிறோம். சொறியாமல் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். பிடித்த பூச்சியை நகத்தில் வைத்து நசுக்குவதும் வேண்டாம், சோப்புத் தண்ணீரில் போட்டால் செத்துவிடும்.

பூனை வளர்ப்பவர்களுக்கு ஒன்று. தெள்ளின் எச்சம் ஒட்டிய நகத்தால் பூனை பிறாண்டினால் பார்டோனெல்லா கிருமி தொற்றி, அக்குளில் நெறி கட்டிக் காய்ச்சல் வரலாம், பூனை பார்க்க நன்றாகத்தான் இருக்கும். அதற்காக நாய்க்கு வாங்கிய பெர்மெத்ரின் மருந்தை எடுத்துப் பூனைக்குத் தடவிவிடாதீர்கள், அது பூனையின் உயிரையே எடுத்துவிடும். விலங்குக்கு மட்டும் மருந்து போட்டாலும் போதாது, முட்டையும் புழுவும் கிடப்பது பாயிலும் விரிப்பிலும் தரை இடுக்கிலும்தான். அவற்றை வெந்நீரில் துவைத்து, இடுக்குகளைத் திரும்பத் திரும்பப் பெருக்க வேண்டும்.

கடைசியாக, காய்ச்சலும் கடும் தலைவலியும் வந்தால் மருந்துக்கடையில் அமாக்ஸிசிலின் கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டு நாளைக் கடத்தாதீர்கள். டைபஸுக்கு அது கேட்காது, டாக்ஸிசைக்ளின் கேட்கும், ஆனால் அதை முடிவு செய்ய வேண்டியவர் மருத்துவர். வீட்டில் எலி இருக்கிறது, பூனை இருக்கிறது என்பதை அவர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லிவிடுங்கள்.