ஓக் மரத்தரையில் தண்ணீர் நின்றதா? தரையைத் தேய்த்துச் சமமாக்கும் சாண்டிங் ஆளை இப்போதைக்குக் கூப்பிடாதீர்கள்

போன பிப்ரவரியில் ஒரு காலை, மாடியிலிருந்து இறங்கி வந்தால் சமையலறையில் சலக்கென்று கால் நனைந்தது. டிஷ்வாஷருக்குப் போகும் குழாய் ராத்திரியே கழன்றிருக்கிறது. சென்னையில் மொசைக் தரையில் வளர்ந்தவன் என்ன செய்வான்? மாப்பை எடுத்தேன். தரை பளிச்சென்று ஆனதும் வேலை முடிந்ததென்று நினைத்தேன். நான்காம் நாள் பலகைகளின் ஓரம் எழும்பி, வெறுங்காலில் நடந்தால் வரிவரியாகத் தட்டுப்பட்டது.

டொரொன்டோ பக்கம் பல வீடுகளில் இருப்பது ¾ அங்குலத் தடிமனுள்ள ஓக் பலகை. மேலே வார்னிஷ் உண்டு, அடியில் கிடையாது. இடுக்கு வழியே இறங்கிய நீர் பலகைக்கும் அதன் அடியில் இருக்கும் ப்ளைவுட்டுக்கும் நடுவில் தங்கி, அடிப்பக்கத்தை ஊதவைக்கிறது. மேல்பக்கம் அந்த அளவு விரியாததால் ஓரம் தூக்கி, நடுவில் பள்ளம் விழும். இதைத்தான் கப்பிங் என்கிறார்கள்.

1. முதல் ஒரு மணி நேரம்

வால்வை மூடுங்கள். பிளக் பாயின்ட் அருகே நீர் போயிருந்தால் அந்தப் பகுதியின் பிரேக்கரை அணையுங்கள். துடைப்பதற்கு முன் போட்டோ எடுங்கள், இன்சூரன்ஸ்காரர்கள் கேட்பார்கள். திடீரென்று உடைந்த குழாய்க்குப் பணம் தருபவர்கள், மாதக்கணக்கில் கசிந்ததற்குப் பெரும்பாலும் தருவதில்லை. வந்தது சாக்கடை நீரென்றால் இந்தப் பதிவை மூடிவிட்டு, அதற்கென்று இருக்கும் ஆட்களை அழையுங்கள்.

2. உறிஞ்சுங்கள்

ஈரத்தையும் இழுக்கும் வாக்யூம் வேண்டும், வாடகைக்கும் கிடைக்கும். பலகை இடுக்குகளின் மேல் மெதுவாக, ஒரே இடத்தில் மூன்று நான்கு முறை ஓட்டுங்கள். கார்பெட், அட்டைப்பெட்டி எல்லாவற்றையும் அகற்றுங்கள். அலமாரிகளுக்குக் கீழே முன்பக்கத்தை மறைக்கும் பலகையைக் கழற்றிப் பாருங்கள். எங்கள் வீட்டில் அங்கே ஒரு குட்டிக் குளமே இருந்தது.

3. உலர்த்துங்கள்

பூஞ்சை பிடிக்க 24 முதல் 48 மணி நேரம் போதும், அதனால் அன்றே தொடங்குங்கள். காற்றின் ஈரத்தை இழுக்கும் டிஹியூமிடிஃபயரை இரவும் பகலும் ஓடவிட்டு, மின்விசிறியின் காற்று தரையை ஒட்டிப் போகும்படி வையுங்கள். ஜன்னலைத் திறந்து காயவைக்கும் நம் பழக்கம் ஒன்டாரியோ கோடையில் உதவாது, வெளிக்காற்றே ஈரம். ஹீட்டரைக் கிட்டே வைத்தால் பலகை வெடிக்கும்.

பேஸ்மென்ட்டுக்கு சீலிங் போடவில்லையா? கொடுத்துவைத்தவர் நீங்கள். அங்கிருந்து ப்ளைவுட் நேராகத் தெரியும். வார்னிஷ் இல்லாத அந்தப் பக்கத்துக்கும் ஒரு விசிறியைத் திருப்பிவிடுங்கள்.

4. அளந்து பாருங்கள்

கண்ணை நம்பாதீர்கள். மரத்தின் ஈரத்தைச் சதவீதத்தில் காட்டும், இரண்டு ஊசி வைத்த மாய்ஸ்சர் மீட்டர் வாங்குங்கள். நனையாத அறையின் பலகையில் குத்தி எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். வீட்டுக்குள் 6 முதல் 9 சதவீதம் வழக்கமானது. நனைந்த பலகையும் அந்த எண்ணுக்கு இறங்க வேண்டும். பலகைக்கும் அடி ப்ளைவுட்டுக்கும் உள்ள வித்தியாசம் 4 புள்ளிக்குள் வர வேண்டும். 3 அங்குலமும் அதற்கு மேலும் அகலமான பலகையென்றால் 2 புள்ளிக்குள். வாரம் ஒருமுறை அளந்தால் போதும். நான் தினமும் குத்திப் பார்த்தேன், அது மனதுக்கான மருந்து.

5. காத்திருங்கள்

பலர் கோட்டைவிடுவது இங்கேதான். மூன்றாம் வாரமே சாண்டிங் மிஷின் போட்டார் நண்பர் ஒருவர். தூக்கியிருந்த ஓரம் தேய்ந்து தரை கண்ணாடி போல ஆனது. பிறகு அடிப்பக்கம் காய்ந்து சுருங்கியதும் ஓரம் பள்ளமாகி, ஒவ்வொரு பலகையும் நடுவில் முதுகு தூக்கிக்கொண்டது. மறுபடி தேய்க்கலாம்தான், ஆனால் பலகைகளைக் கோக்கும் நாக்குக்கு மேலே இருக்கும் மரம் சுமார் கால் அங்குலம் மட்டுமே. பொறுத்திருந்தால் பல தரைகள் தானாகவே பெரும்பாலும் படிந்துவிடும்.

6. கறையும் பழுதும்

ஓக்கில் கரும்புள்ளி வந்தால் எல்லாமே பூஞ்சை என்று பயப்பட வேண்டாம். மரத்தில் இயல்பாகவே உள்ள டானின் என்ற துவர்ப்புப் பொருள், ஈரத்தில் ஆணி இரும்போடு சேர்ந்தாலும் கறுக்கும். வார்னிஷை எடுத்தபின் ஆக்சாலிக் அமிலக் கரைசல் அதை வெளுக்கும். கையுறையும் முகக்கவசமும் கட்டாயம், அது விஷம்.

உங்களுடையது ஓக் இல்லை, மரம் போலத் தெரியும் லாமினேட் என்றால், அது ஊதினால் திரும்பாது, மாற்றத்தான் வேண்டும். ஆணியைப் பிடுங்கிக்கொண்டு எழும்பிய பலகையும் அநேகமாக அப்படித்தான்.

எங்களுக்கு எட்டு வாரம் ஆனது. டிஷ்வாஷர் ஓரம் இரண்டு பலகைகள் தேறவில்லை. கடையில் வாங்கிய புதுப் பலகை வெளிறித் தெரிந்தது. ஹால் க்ளாஸெட்டுக்குள் இருந்த பழைய பலகைகளைப் பெயர்த்து இங்கே போட்டு, புதியவற்றை க்ளாஸெட்டுக்குள் தள்ளிவிட்டோம். செருப்புகளுக்கு நிறம் ஒரு பொருட்டில்லை.