மம்பட்டி பிடிச்ச உடம்புக்கு எதுக்குங்க எக்சர்சைஸ்?

தோட்டத்தைக் குத்தகைக்கு விட்டு வருஷக்கணக்காகியிருக்கும். சர்க்கரை மாத்திரையை வாயில் போட்டுக்கொண்டே, "மம்பட்டி பிடிச்ச உடம்புங்க இது" என்பார்கள். கொங்குப் பக்கம் ஊருக்கு நாலு பேராவது இப்படி இருப்பார்கள். தசைக்குப் பழைய கணக்கெல்லாம் செல்லாது என்பதுதான் சிக்கல்.

1966-ல் ஸ்வீடன் ஆராய்ச்சியாளர்கள் யோனாஸ் பெர்க்ஸ்ட்ரோம், எரிக் ஹல்ட்மன் இருவரும் தங்கள் கால்களிலேயே ஒரு சோதனை செய்தார்கள். ஒரே பயிற்சி சைக்கிளுக்கு ஆளுக்கொரு பக்கம் இருந்துகொண்டு ஒற்றைக் காலால் களைத்துப் போகும்வரை மிதித்தார்கள். இன்னொரு கால் சும்மா இருந்தது. அப்புறம் சில நாள் மாவுச்சத்துச் சாப்பாடு. தொடையில் ஊசி விட்டுத் துளித் தசை எடுத்துப் பார்த்தால், மிதித்த காலில் கிளைக்கோஜன், அதாவது தசை சேமித்து வைக்கும் சர்க்கரை, சும்மா இருந்த காலைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு! ஓடுவது அதே ரத்தம், சாப்பிட்டதும் அதே சாப்பாடு. வேலை செய்த தசை மட்டும் கூடுதலாக வாங்கிச் சேர்த்துக்கொண்டது.

தசை சுருங்கும்போது குளுட்-4 என்ற புரதம் செல்லின் உள்ளேயிருந்து மேல்சவ்வுக்கு வந்து குளுக்கோஸை உள்ளே விடுகிறது. இதற்கு இன்சுலின்கூட வேண்டியதில்லை. பயிற்சிக்குப் பிறகு இன்சுலினும் நன்றாக வேலை செய்யும், ஆனால் அது ஓரிரு நாளைக்குத்தான். அதனால் வாரம் முழுக்க உட்கார்ந்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஆடித் தீர்ப்பது பெரிய தப்பு. சேர்ந்தாற்போல் இரண்டு நாள் விடாதீர்கள். இன்சுலின் போடுபவர்களும் சர்க்கரை மாத்திரை சாப்பிடுபவர்களும் டாக்டரிடம் கேட்டுவிட்டு ஆரம்பிக்கட்டும். இன்சுலினோடும் சில மாத்திரைகளோடும் பயிற்சி சேர்ந்தால் சர்க்கரை திடீரென்று இறங்கிவிடக்கூடும்.

நடை மட்டும் போதும் என்பது அடுத்த தப்பு. கோவை ரேஸ்கோர்ஸில் அரட்டையோடு ஒரு சுற்று, முடிந்ததும் பேக்கரியில் டீயும் பப்ஸும். இதை நான் பயிற்சியில் சேர்ப்பதில்லை. வயது ஏற ஏறத் தசை கரையும், மெதுநடை அதைப் பிடித்து நிறுத்தாது. நாற்காலியில் கையூன்றாமல் உட்கார்ந்து எழுவது, சுவரில் கை வைத்துத் தள்ளுவது என்று வாரத்தில் இரண்டு நாளாவது தசைக்குச் சுமை கொடுக்க வேண்டும். சாப்பாட்டில் கொள்ளுப் பருப்போ பச்சைப்பயறு கடைசலோ முட்டையோ இருக்கட்டும். ரசஞ்சோறு மட்டும் தின்றால் தசை எதை வைத்து வளரும்?

அப்புறம் வெள்ளியங்கிரி. ஒரு படிகூட ஏறிப் பழகாமல் நேரே ஏழு மலை ஏறுகிறார்கள். மறுநாளோ மூன்றாம் நாளோ தொடை பிடித்துக்கொண்டால் கடுமையாக உழைக்கும்போது தசையில் உண்டாகும் "லாக்டிக் ஆசிட்" மேல் பழி போடுகிறார்கள். அது ஒரு மணி நேரம் போல ஆனாலே ரத்தத்திலிருந்து வடிந்துவிடும். உண்மையான காரணம் இறக்கம். இறங்கும்போது தொடைத்தசை நீண்டுகொண்டே உடம்பைத் தாங்குவதால் நார்கள் நுண்ணளவில் சேதமாகின்றன. சில வாரம் முன்பிருந்தே படி ஏறி இறங்கிப் பழகினால் வலி வெகுவாகக் குறையும். வழக்கமான வலி சில நாளில் தானாகப் போய்விடும். வலியோடு சிறுநீர் கோலா நிறத்தில் போனால் மட்டும் தைலம் தேய்த்துக்கொண்டிருக்காமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். சிதைந்த தசையின் புரதம் சிறுநீரகத்தைக் கெடுத்துவிடும்.